பாலில் பிசாசு உண்டா?

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதுதான் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்த கேள்வி. இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: இது ஏ1 பாலா, ஏ2 பாலா? நகரங்களில் கண்ணாடிப் புட்டியில் ‘ஏ2’ முத்திரையுடன் வீட்டு வாசலுக்கு வரும் பால், கூட்டுறவுச் சங்கப் பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான விலைக்கு விற்கிறது. ஏ1 பால் குடித்தால் குழந்தைகளுக்கு நீரிழிவு வரும், பெரியவர்களுக்கு மாரடைப்பு வரும், நாட்டுப் பசுவின் பாலில் அந்த ஆபத்து இல்லை என்பது விற்பவர்கள் கூறும் காரணம். சந்தேகத்துடன் பார்ப்பவரிடம் ‘நியூசிலாந்து விஞ்ஞானிகளே கண்டுபிடித்துச் சொன்னது’ என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த விஞ்ஞானிகள் உண்மையில் என்ன கண்டார்கள்? அவர்கள் கண்டது இவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா? இதை ஆராய நமக்குக் கைகொடுப்பது ஒரு நூல். நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பண்ணை மேலாண்மைப் பேராசிரியராக இருந்த கீத் வுட்ஃபோர்ட் 2007-இல் வெளியிட்ட ‘டெவில் இன் த மில்க்’ என்பது அதன் பெயர். ‘பாலுக்குள் பிசாசு’ என்று தமிழில் சொல்லலாம். ஏ2 பாலைப் பற்றி இன்று உலவும் செய்திகளில் பெரும்பாலானவை இந்நூலிலிருந்து நேராகவோ சுற்றியோ வந்தவைதாம். ஆகவே கிளையைப் பிடித்து உலுக்குவதைவிட வேரைப் பார்ப்பது நல்லது.

ஓர் அமினோ அமிலம்

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 32 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேசீன். தயிர் உறையும்போது கட்டியாவது இதுவே. கேசீனிலும் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்று பீட்டா-கேசீன். இது 209 அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோத்த ஒரு சங்கிலி. இச்சங்கிலியைக் கோப்பதற்கான குறிப்பு பசுவின் ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது.

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய மாட்டினங்களில் இந்தக் குறிப்பில் ஓர் எழுத்து மாறிற்று. அதன் விளைவாகச் சங்கிலியின் 67-ஆம் இடத்தில் புரோலின் என்ற மணிக்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற மணி வந்து அமர்ந்தது. பழைய அமைப்பு ஏ2, புதியது ஏ1. மீதி 208 மணிகளும் ஒன்றேதான். எருமை, வெள்ளாடு, செம்மறியாடு ஆகியவற்றின் பாலிலும், தாய்ப்பாலிலும் இதற்கு ஒத்த இடத்தில் இருப்பது புரோலின்தான்.

ஒரு மணியின் மாற்றம் பெரிதா என்று கேட்கலாம். பெரிதாக இருக்கக் கூடும். புரோலின், சங்கிலியை அந்த இடத்தில் எளிதில் வெட்டவிடாது. ஹிஸ்டிடின் இருந்தால் செரிமான நொதிகள் 66-க்கும் 67-க்கும் இடையே வெட்டிவிடுகின்றன. அப்போது 60 முதல் 66 வரையுள்ள ஏழு மணிகள் கொண்ட ஒரு துண்டு விடுபடுகிறது. அதன் பெயர் பீட்டா-கேசோமார்ஃபின்-7. பெயரிலேயே மார்ஃபின் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மார்ஃபின் உடலில் எந்த ஏற்பிகளில் போய் ஒட்டுகிறதோ அவற்றிலேயே இத்துண்டும் ஒட்டும். ஆனால் மார்ஃபினைவிட மிக வலுக்குறைவாக. இவ்வகைத் துண்டுகளை 1979-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுக் குடுவையில் செரிக்கவைத்துப் பார்க்கும்போது ஏ2 பாலிலிருந்தும் இது சிறிதளவு வரத்தான் செய்கிறது. ஏ1 பாலிலிருந்து மிகுதியாக வருகிறது.

வேதியியல் இவ்வளவே. இதில் தகராறு இல்லை. தகராறு, குடுவையிலிருந்து குழந்தைக்குத் தாவும் இடத்தில்தான் தொடங்குகிறது.

பத்துப் புள்ளிகள்

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் குழந்தைநலப் பேராசிரியராக இருந்தவர் பாப் எலியட். 2020-இல் காலமானார். இவரைப் பரபரப்புக்கு அலைந்தவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயை, பிறந்த குழந்தையின் ஒரு சொட்டு இரத்தத்திலிருந்தே கண்டுபிடிக்கும் முறையை 1979-இல் உலகுக்குத் தந்தவர்களுள் ஒருவர். எத்தனையோ குழந்தைகள் அதனால் காலத்தில் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

அவருக்கு ஒரு புதிர் இருந்தது. சமோவாத் தீவில் வளரும் குழந்தைகளிடம் முதல் வகை நீரிழிவு மிக அரிது. அதே இனத்துக் குழந்தைகள் நியூசிலாந்தில் வளர்ந்தால் அது கூடுகிறது. உணவில் ஏதோ இருக்க வேண்டும். அது பாலாக இருக்குமோ என்பது அவர் ஐயம். ஆனால் பால் மிகுதியாகக் குடிக்கும் நாடுகளிலெல்லாம் இந்நோய் மிகுதியாக இல்லை. அப்படியானால் பாலின் அளவைவிட அதன் வகைதான் காரணமோ?

1999-இல் எலியட்டும் அவருடைய கூட்டாளிகளும் ‘டயபெட்டாலஜியா’ என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து நாடுகளில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் முதல் வகை நீரிழிவு எவ்வளவு என்பதை ஓர் அச்சிலும், அந்நாடுகளில் உட்கொள்ளும் பால் புரதத்தின் அளவை இன்னோர் அச்சிலும் வைத்தார்கள். மொத்தப் பால் புரதத்துக்கும் நோய்க்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.402, பொருட்படுத்தத் தக்கதன்று. ஏ1 புரதத்தை மட்டும் எடுத்தால் 0.726. ஏ1-உடன் பி என்ற இன்னொரு வகையையும் கூட்டினால் 0.982!

கல்லூரி ஆய்வகத்தில் ஓமின் விதியைச் சரிபார்க்கும் மாணவர் 0.982 கொண்டுவந்தால், நான் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவேன். பி வகையைக் கூட்டியதும் ஏமாற்று அன்று. பி-யிலும் 67-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின்தான் இருக்கிறது. பிறகு என்ன குறை?

ஆய்வகத்தில் மாணவர் மின்னழுத்தத்தைத் தாமே கூட்டுகிறார், குறைக்கிறார். மற்றவையெல்லாம் மாறாமல் இருக்க, மின்னோட்டம் என்ன ஆகிறது என்று பார்க்கிறார். நாடுகளை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. பின்லாந்துக்கும் ஜப்பானுக்கும் இடையே பாலின் வகை மட்டுமா வேறுபடுகிறது? வெயில், உணவு, மக்களின் மரபு, குழந்தைக்கு வரும் தொற்றுநோய்கள், மருத்துவர் நோயைக் கண்டறியும் திறன் என்று நூறு வேறுபாடுகள். இவற்றில் எத்தனையோ, நோய் கூடும் திசையிலேயே கூடிக்கொண்டு போகும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே உள்ளவை பத்துப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாட்டின் சராசரி. நோயுற்ற ஒரு குழந்தையாவது எந்தப் பாலைக் குடித்தது என்பது இக்கட்டுரையில் இல்லை, இருக்கவும் முடியாது.

ஒட்டுறவுக் கெழுவைக் கண்டு மயங்காதிருக்க ஒரு மருந்து சொல்கிறேன். 2012-இல் பிரான்ஸ் மெசெர்லி என்ற இதயநோய் மருத்துவர், புகழ்பெற்ற ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், ஒரு நாட்டு மக்கள் தின்னும் சாக்லேட்டின் அளவையும் அந்நாடு பெற்ற நோபல் பரிசுகளையும் ஒப்பிட்டுக் காட்டினார். 23 நாடுகள், ஒட்டுறவுக் கெழு 0.791. ஏ1 புரதம் மட்டும் பெற்ற மதிப்பெண்ணைவிட இது கூடுதல். இதைப் படித்துவிட்டு எந்த அரசும் இயற்பியல் துறைகளுக்குச் சாக்லேட் வழங்கவில்லை. வழங்கினால் எங்களுக்கு மறுப்பில்லை.

காலத்தையும் ஒரு சோதனையாக வைக்கலாம். முதல் வகை நீரிழிவு உலகிலேயே மிகுதியாக உள்ள நாடு பின்லாந்து. அங்கே ஆண்டுதோறும் ஒரு லட்சம் குழந்தைகளில் புதிதாக நோயுறுவோர் 1980-இல் 31 பேர். 2005-இல் 64 பேர். இருபத்தைந்து ஆண்டுகளில் இரட்டிப்பு! அந்நாட்டு மாடுகளின் மரபணு இந்தக் காலத்தில் இரு மடங்கு ஏ1 ஆகிவிடவில்லை. மக்கள் குடிக்கும் பாலும் கூடவில்லை. நோயை இரட்டிக்கச் செய்த காரணம் எதுவோ, அது பாலின் 67-ஆம் மணி அன்று என்பது தெளிவு.

எலிகள் சொன்னது

வுட்ஃபோர்டின் நூல் இந்த எதிர்வாதங்களை அறியாமல் எழுதப்பட்டதன்று. ‘நாடுகளின் கணக்கு தனியாக நிற்கவில்லை, விலங்குச் சோதனையும் இருக்கிறது’ என்பது அதன் வழக்கு. நீரிழிவுக்கு இயல்பிலேயே ஆளாகும் ஒரு வகைச் சுண்டெலிகளுக்கு ஏ1 கேசீனையும் ஏ2 கேசீனையும் தனித்தனியே தந்து எலியட் குழு 1997-இல் சொன்ன முடிவு வியக்கத் தக்கது. ஏ1 தின்றவற்றில் நூற்றுக்கு 47 நோயுற்றன. ஏ2 தின்றவற்றில் ஒன்றுகூட இல்லை.

இத்தகைய முடிவு வந்தால் அறிவியலில் அடுத்து என்ன செய்ய வேண்டும்? வேறு இடத்தில், வேறு கைகளால், எந்தக் கூண்டில் எந்த உணவு என்பது அறியாதவாறு திரும்பச் செய்ய வேண்டும். அதுவும் நடந்தது. பல நாட்டு ஆய்வகங்களில் ஒரே சமயத்தில் நடந்து 2002-இல் வெளிவந்த அந்தச் சோதனையில் முன்னைய முடிவு உறுதிப்படவில்லை. எலிகளுக்கு மிகுதியாக நீரிழிவு வந்தது பாலே இல்லாத, கோதுமை மிகுந்த உணவைத் தின்றபோது! ஒரு வகை எலியில், ஒரு குறிப்பிட்ட கலவையில் மட்டும் ஏ1 சற்றுக் கூடுதல் தீங்கு காட்டிற்று. வுட்ஃபோர்ட் இந்தச் சோதனை நடந்த முறையில் குறை காண்கிறார். குறை காண்பது அவர் உரிமை. ஆனால் தமக்கு உவப்பான 1997 முடிவை அவர் இதே கண்டிப்புடன் சோதிக்கவில்லை. நூலின் பெருங்குறை என்று நான் கருதுவது இதுவே. வாதியின் சாட்சிக்கு நாற்காலி, பிரதிவாதியின் சாட்சிக்குக் கூண்டு.

நூல் வெளிவந்த பின் நடந்தவற்றையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதுவரை வெளிவந்த சான்றுகளைத் திரட்டி 2009-இல் ஓர் அறிக்கை தந்தது. பீட்டா-கேசோமார்ஃபினை உட்கொள்வதற்கும் இந்நோய்களுக்கும் காரண-காரியத் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை என்பது அதன் முடிவு. ஏழு மணித் துண்டு, குடலின் சுவரைத் தாண்டி முழுதாக இரத்தத்துக்குள் போவதே கடினம். போனாலும் அதை விரைந்து வெட்டும் நொதி அங்கே காத்திருக்கிறது.

2018-இல் இன்னும் பெரிய ஒரு சோதனையின் முடிவு வந்தது. குடும்பத்தில் முதல் வகை நீரிழிவு உள்ள, தாமும் மரபுவழியில் ஆபத்துக்கு உள்ளான 2,159 கைக்குழந்தைகள், 15 நாடுகள். தாய்ப்பால் போதாதபோது ஒரு பாதிக் குழந்தைகளுக்குச் சாதாரணப் பசும்பால் மாவும், மறு பாதிக்கு நொதிகளால் முன்னரே சிறு சிறு துண்டுகளாகச் சிதைத்த கேசீன் மாவும் தரப்பட்டன. பசும்பாலின் முழுப் புரதம்தான் வில்லன் என்றால் இரண்டாம் கூட்டத்தில் நோய் குறைந்திருக்க வேண்டும். பதினொன்றரை ஆண்டுகள் அளவுக்குக் கவனித்ததில் முதற் கூட்டத்தில் நோயுற்றோர் நூற்றுக்கு 7.6, இரண்டாம் கூட்டத்தில் 8.4. வேறுபாடு இல்லை என்றே பொருள். இது ஏ1-ஐயும் ஏ2-ஐயும் நேராக ஒப்பிட்ட சோதனை அன்று. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் பால்மேல் விழுந்த பழியின் பளுவை இது பெரிதும் குறைத்துவிடுகிறது.

மாரடைப்பு, ஆட்டிசம் முதலியவற்றைப் பற்றி நூலில் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இங்கே இடம் ஒதுக்கத் தேவையில்லை. நீரிழிவைப் பற்றிய சான்றைவிட அவை மிக மெலிந்தவை. மாரடைப்புக் கணக்கைப் போட்டவர்களுள் முதன்மையானவர் காரன் மெக்லாக்லன். அவருடைய கட்டுரை 2001-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஏ2 பாலை விற்பதற்கென்று ஒரு நிறுவனத்தை அவரும் இன்னொருவருமாகத் தொடங்கியிருந்தார்கள். விற்பவர் சொல்வதெல்லாம் பொய் என்பதல்ல. எடைக்கல்லை இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்பதே.

வயிறு சொல்வது

இவ்வளவு சொன்ன பிறகு, கருதுகோளில் மிஞ்சி நிற்கும் ஒரு பகுதியையும் சொல்லியாக வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடுக்கிறது என்பவர்கள் நம்மிடையே பலர். இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோவது. 2014-இல் ஆஸ்திரேலியாவில் 41 பேரிடமும், 2016-இல் சீனாவில் 45 பேரிடமும் ஒரு சோதனை நடந்தது. அதே ஆட்களே சில நாள் ஒரு பாலையும், இடைவெளி விட்டுச் சில நாள் மற்றொன்றையும் எது எதுவென்று அறியாமல் குடித்தார்கள். ஏ2 பால் மட்டும் குடித்த நாட்களில் வயிற்றுத் தொல்லை ஓரளவு குறைந்ததாகக் கண்டார்கள். முறை நன்று. ஆட்கள் குறைவு, சோதனைக்குப் பணம் தந்தது ஏ2 பால் விற்கும் தரப்பு. வணிகத் தொடர்பற்ற ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் திரும்பச் செய்தால் பயன் உண்டு. வயிற்று உப்புசம் வேறு, நீரிழிவு வேறு என்பதை மட்டும் விளம்பரங்கள் மறந்துவிடக் கூடாது.

நீரிழிவு என்ற சொல்லே நம் ஊரில் ஒரு குழப்பத்துக்கு வழி செய்கிறது. எலியட் பேசியது குழந்தைகளுக்கு வரும் முதல் வகையைப் பற்றி. உடலின் காப்புப் படையே கணையத்தின் இன்சுலின் உயிரணுக்களை அழித்துவிடுவதால் வருவது அது. நம் வீடுகளில் தாத்தாவுக்கும் அத்தைக்கும் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்கு உடல் பருமன், உழைப்பின்மை, பரம்பரை என்று வேறு காரணங்கள். அவர் போட்ட கணக்கு அந்த வகையைத் தொடவே இல்லை. ‘சர்க்கரை வராது’ என்று சொல்லி அத்தைக்குப் புட்டிப் பால் விற்பவர், எலியட் சொல்லாததை அவர் பெயரால் சொல்கிறார்.

நம் தொழுவத்தில்

கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்திய மாட்டினங்களையும் எருமைகளையும் பரிசோதித்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, நம் நாட்டு மாடுகளில் பீட்டா-கேசீன் மரபணுக்களில் நூற்றுக்கு 98-க்கும் மேல் ஏ2. எருமைகளில் முழுக்க முழுக்க ஏ2. இந்தியாவில் கறக்கும் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எருமைப் பால் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஏ2 பால் இங்கே அரும்பொருளே அன்று! எருமைப் பால் விற்கும் பால்காரர் பெயர் தெரியாமலே அதைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஏ2 பாலே மிகுதியாகக் குடித்துவந்த இந்நாட்டில் மாரடைப்பு குறைவா என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அதுவும் நாட்டுச் சராசரியை வைத்துப் பேசும் வாதம் ஆகிவிடும் என்பதால் அதை வற்புறுத்தவில்லை.

தமிழ்நாட்டில் உழவர்களிடம் இருக்கும் கறவைகளில் பெரும்பாலானவை ஜெர்சிக் கலப்பினம். ‘கலப்பினம் என்றால் ஏ1, நச்சுப் பால்’ என்ற பேச்சு, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் வயிற்றில் அடிப்பது, மரபியல்படியும் தவறு. ஒவ்வொரு கன்றும் இந்த மரபணுவில் ஒரு படியைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. தாய் நாட்டுப் பசு என்றால் ஒரு படி ஏறக்குறைய உறுதியாக ஏ2. ஜெர்சிக் காளைகளிலும் ஏ1, ஏ2 இரண்டும் உண்டு. ஆகவே கலப்பினப் பசு ஏ1-ஏ2 ஆகவும் இருக்கலாம், ஏ2-ஏ2 ஆகவும் இருக்கலாம். திமிலைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ சொல்ல முடியாது. வால் மயிரின் வேரை எடுத்து மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும். அந்தச் சோதனைச் சான்று இல்லாமல் புட்டியில் ஒட்டும் ‘ஏ2’ சீட்டுக்கு மதிப்பு எதுவும் இல்லை.

அரசின் நிலையும் தடுமாறித்தான் இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்டு 21-ஆம் நாள், பால் பொருள்களில் ஏ1, ஏ2 என்று குறிப்பதை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஐந்தே நாளில், 26-ஆம் தேதி, அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் போன்ற நம் இனங்களைக் காக்க வேண்டும் என்பவர்கள் இந்த ஏ2 வாதத்தைப் பற்றிக்கொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது. வெயிலைத் தாங்குவது, காய்ந்த தீவனத்தில் பிழைப்பது, உண்ணி முதலியவற்றை எதிர்ப்பது என்று அவற்றைக் காக்க உறுதியான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு உறுதிப்படாத ஒன்றின்மேல் ஏற்றிவைத்தால், நாளை அது சரியும்போது மாடும் சேர்ந்து சரியும்.

வுட்ஃபோர்ட் தம் நூலில் முன்வைக்கும் தீர்வு, மந்தைகளைப் படிப்படியாக ஏ2-வுக்கு மாற்றுவது. இதன் கணக்கு எளிது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு மந்தையில் மரபணுக்களில் பாதி ஏ1 என்று கொள்வோம். இனி ஏ2-ஏ2 காளைகளின் விந்தை மட்டுமே பயன்படுத்தினால் பிறக்கும் கன்றுகளில் பாதி ஏ2-ஏ2. அவை தாயாகிப் பெறும் அடுத்த தலைமுறையில் நான்கில் மூன்று; அதற்கடுத்ததில் எட்டில் ஏழு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிகிற வேலை. கூடுதல் செலவும் அதிகமில்லை. ஆனால் செலவு வேறிடத்தில் மறைந்திருக்கிறது. ஏ1 உள்ள காளைகளையெல்லாம் ஒதுக்கினால் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் காளைகள் குறைகின்றன. நல்ல கறவை, நோயெதிர்ப்பு, சினைப் பிடிக்கும் திறன் ஆகியவற்றுக்காகத் தேடும்போது கைவசம் இருப்பது சிறு கூட்டம். சிறு கூட்டத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைத்தால் உறவுக்குள் இனப்பெருக்கம் கூடிக் கன்றுகளின் வலு குறையும். எனவே இரண்டு காளைகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் ஏ2-ஏ2 காளையை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அதற்காக மட்டும் நல்ல காளையைக் கழிக்கும் அளவுக்கு இன்றுள்ள சான்றில் கனம் போதாது.